தண்ணீர் மில்லுக்குப் போன அரிசி

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறின பிளேஸ்டோவில் என் பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி தோற்று நான் பார்த்ததில்லை. தோற்றாலும் அவள் ஒத்துக்கொண்டால்தானே எங்களுக்குத் தெரியும்!

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் அவளுடைய பேரனுக்கு முதல் பல் முளைத்தது. எங்கள் வழக்கப்படி கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்ட வேண்டும். ஸ்ட்ரெதத்தில் இருக்கிற சம்பந்தியம்மா அருள்மலர் டெலிபோனிலேயே சொல்லிவிட்டாள்:

“கடைப் பக்கெற் மாவிலை அவிச்சதை என்ரை பேரன்ரை தலையிலை கொட்ட விடமாட்டன். மில்லிலை அரைச்ச மா இல்லையெண்டால் சொல்லுங்கோ, கொண்டாட்டத்தை எங்கடை வீட்டிலை வைப்பம்.”

கொண்டாட்டம் கைமாறுவதா? சிவனேஸ்வரிக்கு அன்று நித்திரையில்லை. வீட்டுக் கிரைண்டரோ புகைந்து செத்துப்போயிருந்தது. நல்ல காலம், அந்தச் சனிக்கிழமைதான் தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்களையெல்லாம் ஒரு பழைய தண்ணீர் மில் பார்க்கப் பஸ்ஸில் கூட்டிப்போனது. மில் இன்னும் வேலை செய்கிறது என்றார்கள். வேலை செய்கிற மில்லுக்கு யாராவது வெறுங்கையோடு போவார்களா? அரிசியை ஊறவைத்து, வடித்து, தலையணை உறையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மூட்டை சொட்டச் சொட்டப் பக்கத்தில் இருந்தவள் நான்.

மில்லில் ஆற்றுத் தண்ணீர் பெரிய சில்லைச் சுற்ற, கல் சுழன்று மா கொட்டியது. பீற்றர் என்ற வெள்ளைக்காரக் கிழவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சிவனேஸ்வரி அவர் முன்னால் மூட்டையை இறக்கினாள்.

“எப்ப வந்து எடுக்கலாமெண்டு கேள் பிள்ளை.”

அவளுடைய மகள் வசந்தமலர் வெட்கத்தோடு இங்கிலீஷில் கேட்டாள். பீற்றர் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஈர அரிசி போட்டால் கல்லு இறுகிப்போமாம், அம்மா. கோதுமை மட்டுந்தானாம்.”

“அப்ப அந்தக் கோதுமை மாவைத் தரட்டும்.”

“அது சாப்பிட ஏலாதாம். சும்மா காட்டுறதுக்கு அரைக்கினம். பிறகு ஆத்திலை நீந்துற தாராவுக்குப் போடுறதாம்.”

“இவ்வளவு பெரிய சில்லைச் சுத்தித் தாராவுக்கோ சமைக்கினம்?”

“வாசல் கடையிலை மா விக்கினமாம். ஆனால் அது எங்கையோ பக்ரறியிலை அரைச்சதாம்.”

அந்தக் கடை மாப் பக்கெற்றில் மில்லின் படம் அழகாக இருந்தது. வாங்கினாள். வீட்டுக்கு வந்து மாவை அவித்து, அரித்து, பக்கெற்றைக் குப்பையில் போட்டாள். ஊறின அரிசியை இரண்டு வீட்டாரும் கஞ்சியாகக் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டியாயிற்று. சிவனேஸ்வரி ஒரு பொய்யும் சொல்லவில்லை. “தண்ணி மில்லிலை வாங்கின மா, சம்மந்தி” என்றாள். அவ்வளவுதான்.

அருள்மலர் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

“கோதுமையெண்டாலும் மில்லுக் கோதுமை. பக்கெற் மாவுக்கு இந்த வாசம் வருமே?”

எனக்குப் புரையேறிவிட்டது. சிவனேஸ்வரி தண்ணீரை என்னிடம் தள்ளிவிட்டுச் சம்பந்திக்கு இன்னும் இரண்டு வைத்தாள்.

“எனக்கும் கொஞ்சம் அரைக்க வேணும். அந்த மில்லுக்கு எப்பிடிப் போறது, சம்மந்தி?”

சிவனேஸ்வரி எந்தப் பஸ், எங்கே இறங்குவது என்று ஒன்றும் விடாமல் சொல்லிக்கொடுத்தாள்.

“அரிசியை நல்லா ஊறவிட்டுக் கொண்டுபோங்கோ. பீற்றரெண்டு ஒரு நல்ல மனிசன் நிப்பார்.”