ரேஸ் சைக்கிளுக்கு ஒரு கேரியர்

அந்தச் சைக்கிளில் ஒரு பொருள் வைக்க இடம் கிடையாது. மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார், மட்கார்டுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஓட்டுவதற்காக என் கணவர் வாங்கியது. டவுனில் வண்டி நிறுத்த இடம் தேடி அலுத்துப்போய், முதலியார்பேட்டையிலிருந்து ஆபீசுக்கும் அதிலேயே போக ஆரம்பித்தார். லேப்டாப், சாப்பாடு, மாற்றுச் சட்டை எல்லாம் முதுகில். சாயங்காலம் வந்தால் கழுத்து வலி என்பார். தைலம் தேய்த்துச் சலித்து, பின்னால் மாட்டும் கேரியர் ஒன்றை நானே ஆன்லைனில் வாங்கினேன்.

பிரித்த பிறகுதான் தெரிந்தது, இந்த மாதிரி சைக்கிளில் கேரியரை முடுக்கத் துளையே இருக்காது என்று. அதற்காகவே பெட்டியில் ரப்பர் வைத்த வளையங்கள் இருந்தன. சீட்டிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களையும் அவை கவ்விக்கொள்ள வேண்டும்; கேரியரின் கால்களை அவற்றில் முடுக்க வேண்டும். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார், நான் ஒரு பக்கம்.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?"

"இதுக்கு மேல இறுக்குனா குழாய் கரும்பு மாதிரி நசுங்கிடும். வுடு."

அவர் உள்ளே போனதும் நான் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். பிறகு பயந்துபோய் அதில் பாதியைத் தளர்த்தினேன்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, பந்தயக் குதிரைக்குப் பொதி மூட்ட கட்டுறியா?" என்று சிரித்தார். "கேரியர் வந்துடுச்சுல்ல, இனிமே பாப்பாவ டபுள்ஸ் ஏத்திக்கினு போவலாம்."

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அங்கேயே குதிக்க ஆரம்பித்துவிட்டாள். "பை வைக்கத்தான் பாப்பா அது" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நம் ஊரில் கேரியர் என்றால் ஆள் உட்காரும் இடம். நானே அப்படித்தான் உட்கார்ந்து வளர்ந்தவள்.

பள்ளி வேன் எங்கள் தெருவுக்குள் வராது, தெருமுனையில்தான் நிற்கும். மறுநாள் காலை அவர் சைக்கிளை வெளியே எடுத்ததும் பாப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டாள். முனை வரைக்கும் அதில்தான் வருவாளாம்.

"வேணாங்க" என்றேன்.

"ஓட்டல, தள்ளிக்கினுதான் போறேன். நீயும் கூட வா."

எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லும் அம்மாவாக ஆகிக்கொண்டிருக்கிறேனோ என்று அப்போது தோன்றியது. கடலில் கால் நனைக்க வேண்டாம், ஐஸ் வேண்டாம், மாடிப்படியில் ஓட வேண்டாம். கேரியர் அட்டையில் இருபத்தைந்து கிலோ வரை தாங்கும் என்று போட்டிருந்தது. பாப்பா பதினெட்டுதான். கேரியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. சரி என்றேன்.

அவர் தள்ள, நான் அவள் இடுப்பை ஒரு கையால் அணைத்தபடி பக்கத்திலேயே நடந்தேன். என் கண் முழுக்க அந்த வளையங்களில்தான் இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் ஒரு நூல்கூட நகரவில்லை. நன்றாகத்தான் முடுக்கியிருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திடீரென்று சைக்கிள் நின்றது. அவர் நிறுத்தவில்லை. ஏதோ கல் என்று நினைத்து ஒரு தள்ளு தள்ளினார். பாப்பா அலறினாள்.

பிறந்ததிலிருந்து அவள் அழுத அழுகை எல்லாம் எனக்குத் தெரியும். இது அதில் எதுவும் இல்லை. குனிந்து பார்த்தேன். அவளுடைய இடது கால் ஷூவோடு சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய், கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் குதிகால் சிக்கியிருந்தது. அந்தக் கால் அப்படித் திரும்பி இருக்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது. அவர் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அவள் காலை இழுக்கக் குனிந்தார்.

எதிர்வீட்டு அக்காதான் ஓடி வந்தார். "இழுக்காத தம்பி! சக்கரத்தப் பின்னால உருட்டு! பின்னால!"

உருட்டியதும் கால் விடுபட்டது. ஷூ கம்பிகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. வெள்ளை சாக்ஸில் சிவப்பு ஊறுவதைப் பார்த்துக்கொண்டே அவளைத் தூக்கினேன்.

"கால அகட்டி வச்சிக்கச் சொல்லலையாம்மா?" என்றார் அக்கா.

சொல்லவில்லை. சின்ன வயதில் கேரியரில் ஏறும்போதெல்லாம், யார் ஏற்றிவிட்டாலும், அதைச் சொல்லாமல் சைக்கிளை நகர்த்த மாட்டார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு, அது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம் என்று ஆகிவிட்டது போல. பாப்பாவுக்குத் தெரிந்தது வேனும் ஸ்கூட்டரும்தான். இரண்டிலும் கால் வைக்கத் தனி இடம் உண்டு. இந்தச் சக்கரத்துக்கோ மறைப்பாக ஒரு வலைகூடக் கிடையாது. நான் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் அழாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயம். நான் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்று நானும், பாப்பா கேட்டதும் ஏற்றாமல் இருந்திருந்தால் என்று அவரும் நினைத்துக்கொண்டு வந்திருப்போம்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். "எலும்புக்கு ஒண்ணுமில்ல. தோல்தான் உரிஞ்சிருக்கு. வீக்கம் வத்த நாளாகும்."

"குதிகால் எலும்பு?"

"நல்லா இருக்கு."

"வளர்ற எலும்பாச்சே டாக்டர், பின்னால நடக்கறதுல ஏதாவது..."

"நல்லா நடப்பா. நீங்க மொதல்ல உக்காருங்கம்மா. பாப்பாவவிட நீங்கதான் பயந்துட்டீங்க."

உண்மைதான். உட்கார்ந்தேன்.

கட்டுப் போட்டு முடித்ததும் பாப்பா அப்பாவைப் பார்த்து, "இன்னிக்கு ஸ்கூல் லீவாப்பா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டியதும் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை இன்னும் நம்பாமல், "ஆட்டு பாப்பா" என்றேன். மெதுவாக, ஒவ்வொன்றாக, ஐந்தும் அசைந்தன.