அடைத்த துளைகளும் என் பச்சைக் கணக்கும்

கம்ப்யூட்டரில் சுவர் தாங்குமா என்று பார்ப்பது என் தொழில். சிவப்பாக எரர் காட்டும் நாளில் எரிச்சல் வரும், எல்லாம் பச்சையாக வரும் நாளில்தான் சந்தேகம் வரும். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: சுவரையும் மண்ணையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்வது மெஷ். எது அசையாது, எங்கே தண்ணீர் வடியும் என்று சொல்லிக்கொடுப்பது பவுண்டரி கண்டிஷன். இரண்டில் எது பிசகினாலும் கதை கந்தல்தான்.

தீபாவளி முடிந்த கையோடு இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எட்டு வீட்டு லயத்தின் பின்னால் மண்மேட்டைத் தாங்கி நிற்கும் கல் சுவர் லேசாகச் சாய்ந்திருந்தது. பெருமழைக்கு அந்த எட்டுக் குடும்பமும் அங்கே இருக்கலாமா, கூடாதா என்று நான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். நானும் லிந்துலையில் லயத்தில் பிறந்தவள். பயமாக இருந்தது.

பறந்த சுவர்

முதல் தடவை கணக்கை ஓட்டியதுமே சுவர் திரையை விட்டுப் பறந்துவிட்டது. அதன் அடியைப் பிடித்து நிறுத்த நான் மறந்திருந்தேன். பிடிமானம் இல்லாததை மண் தள்ளினால் அது போய்க்கொண்டேதான் இருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருக்கும் சிவா அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நல்ல தப்பு, தங்கச்சி. கண்ணுக்குத் தெரியுது பாருங்க."

ஏறிக்கொண்டே போன எண்

அடுத்தது சுவரின் அடி மூலை. மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க அந்த மூலையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நிஜக் கல்லின் கூர்முனை கொஞ்சம் நொறுங்கி அடங்கிவிடும்; கம்ப்யூட்டரின் கூர்முனைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூலையைக் கொஞ்சம் மழுக்கிவிட்டபிறகுதான் எண் ஒரு நிலைக்கு வந்தது.

இதற்கிடையில் தோட்டத்து மேனேஜர் தினமும் இரண்டு முறை போன் பண்ணிவிடுவார். ஒருநாள் பொறுமை போய்விட்டது அவருக்கு: "காலையில ஒரு கணக்கு சொல்றீங்க, மத்தியானம் ஒரு கணக்கு சொல்றீங்க. சாயுறது சுவரா, உங்க மெஷினா மிஸ்?"

எல்லாம் பச்சை

கடைசியில் எல்லாம் சரியானது. பெரிய மெஷ், சின்ன மெஷ், இரண்டிலும் ஒரே விடை: சுவர் தாங்கும். அறிக்கை அடித்தாகிவிட்டது, பேனாவும் கையில். ஒன்று மட்டும் உறுத்தியது. சுவரின் உச்சி நகம் கனத்துக்குச் சாய்ந்திருக்கும் என்றது என் கணக்கு. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அளவு டேப் பிடித்து அனுப்பிய படத்தில் நாலு விரல் சாய்வு. டேப்பைக் கோணலாகப் பிடித்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மழை எச்சரிக்கை வேறு வந்துவிட்டது. சிவா அண்ணன் இரண்டு எண்ணையும் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது, தங்கச்சி."

வெள்ளையடித்த சுவர்

மறுநாள் தோட்டத்துக்கே போனேன். விடியலிலிருந்தே மழை. நான் பயன்படுத்திய பழைய வரைபடத்தில் முழங்கால் உயரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் வரிசையாக இருந்தன. ஆகவே சுவருக்குப் பின்னால் தண்ணீரே தேங்காது என்று கணக்கில் கொடுத்திருந்தேன். எதிரே நின்ற சுவரில் ஒரு துளைகூட இல்லை. பளிச்சென்று வெள்ளையடித்திருந்தது.

மூன்றாவது வீட்டுப் புஷ்பம் அக்கா, கொழுந்து பறிப்பவர், பின்வாசலில் நின்றார். துளைகள் எங்கே என்று கேட்டேன். "நாங்கதான் மிஸ் அடைச்சோம். சேத்துத் தண்ணி குசினிக்குள்ள வந்துச்சுங்க. உரச்சாக்கத் திணிச்சு, மேல சீமெந்து பூசி, தீபாவளிக்கு வெள்ளையும் அடிச்சிட்டோம். நல்லாத்தானே இருக்கு?"

நின்றுபோன கணக்கு

வேனுக்குள் உட்கார்ந்து லேப்டாப்பில் சுவருக்குப் பின்னால் தண்ணீரை நிரப்பி ஓட்டினேன். கணக்கு பாதியில் நின்றுவிட்டது. இந்த முறை நான் எரரைத் தேடவில்லை. சுவர் தாங்காமல் விழுந்த இடத்தில்தான் கணக்கும் நின்றிருந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டேன். நாளைக்குப் பார்க்கலாமா என்று இழுத்தார். தோட்டத்து மேனேஜரை லயத்தில் தொரை என்போம்; என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தொரையிடம் கத்தினேன். ஒரு மணி நேரத்தில் எட்டுக் குடும்பமும் மூட்டை முடிச்சோடு கோயில் மண்டபத்தில் இருந்தது. எல்லாத் தலைகளையும் இரண்டு முறை எண்ணினேன்.

பின்னேரம் நாலு மணிக்குச் சுவர் நடுவில் பிளந்து மூன்று குசினிகளை மூடியது. ஒன்று புஷ்பம் அக்காவுடையது. அடுப்பில் வைத்த சோற்றுப் பானையும் உள்ளே போய்விட்டது. அவர் மண்ணைப் பார்த்தபடியே நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தேன். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அந்த ஓட்டை எதுக்குன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. அது அடைஞ்சிருக்குன்னு உங்களுக்கும் ஒருத்தரும் சொல்லல. ரெண்டு பேரும் ஒருநாள் பேசியிருக்கலாம் மிஸ்."

இப்போதெல்லாம் எந்தச் சுவராக இருந்தாலும், அதன் அடியில் சமைப்பவர்கள் கையால் ஒரு பிளேன்டீ குடித்த பிறகுதான் நான் கம்ப்யூட்டரையே திறக்கிறேன்.