சிரிப்புக்கு விட்ட இடம்

என் தாய்மாமா மிமிக்ரி கலைஞர். எங்கள் லிங்கராஜபுரத்தில் கல்யாண வரவேற்போ கிறிஸ்துமஸ் விழாவோ, மைக் அவர் கையில்தான் இருக்கும். கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டியபோது மாமாவின் வாயையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. வீட்டில் பல்லிபோல் சத்தம் கொடுத்து அம்மாவிடம் திட்டு வாங்கியதோடு சரி.

பிறகு ஒரு ஐடி கம்பெனியில் போனிலேயே, வீடியோ காலில் நிகழ்ச்சி நடத்தக் கேட்டார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் மியூட்டில். மாமாவோ ஒரு ஜோக்குக்கு எழும் சிரிப்பு அடங்கும்வரை நின்று, அடுத்ததைத் தொடங்கும் ஆள். சிரிப்பே கேட்காததால் எங்கே நிற்பதென்று தெரியாமல், முக்கால் மணி நேரச் சரக்கைக் கால் மணியில் கொட்டிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"அக்கா, நீயும் பாப்பாவும் போனுக்குப் பின்னாடி உக்காந்து சிரிங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்றார்.

அம்மாவுக்கு ஜோக் புரிய நேரமாகும். அடுத்த ஜோக்கின் நடுவில் சிரிப்பாள். ஆகவே பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. நான்காம் வகுப்புக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. தெரிந்த ஜோக்குக்குப் புதிதாகச் சிரிப்பது எப்படி, வயிற்றிலிருந்தா தொண்டையிலிருந்தா என்று கண்ணாடி முன் ஆராய்ச்சியே நடத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கவயலில் தாத்தா இறந்துபோனார். சாலைகளை அடைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளைகளான அம்மாவும் மாமாவும் அடக்கத்தைப் போனில்தான் பார்த்தார்கள்.

அடுத்த நிகழ்ச்சியில், ஒரு நடிகரின் குரலை முடித்த மாமா திடீரென்று இருமினார். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவின் அதே இருமல். பின்னாலேயே தாத்தாவின் குரலும் வந்தது: "ஏன்டா, பகல்ல லைட்டு எரியுதே, உங்கப்பன் ஊட்டு கரண்டா?" சொந்த மகனைப் பார்த்தே அப்படிக் கேட்பவர் அவர்.

திரையின் சின்னச் சின்னச் சதுரங்களில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் ஜோக் உடனே புரிந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டேன். நான் சிரித்து முடித்தும் மாமா அடுத்ததற்குப் போகாமல் நின்றார். இதற்கு இன்னும் நீளமாகச் சிரிக்க வேண்டும்போல என்று மறுபடி சிரித்தேன். அதன்பிறகுதான் நன்றி சொல்லி நிகழ்ச்சியை முடித்தார்.

போனை அணைத்ததும் அம்மா, "இன்னொரு வாட்டி பேசுடா" என்றாள்.

நிகழ்ச்சிதான் முடிந்துவிட்டதே, இனி யாருக்காகப் பேசச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாமா இருமத் தொடங்கியதும், சிரிக்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.