திக்லிபூரில் கூலி கிடைக்காது

போர்ட் பிளேருக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்தது ரேஷன் கடை இந்திதான். ‘சாவல்’ என்றால் அரிசி. ‘நஹீ மிலேகா’ என்றால் கிடைக்காது. இரண்டையும் சேர்த்தே அதிகம் கேட்டதால் சீக்கிரம் மனப்பாடம் ஆனது. படகுகள் கட்டி நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்கும் பெங்காலி, தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன் எல்லோரும் பாதி இந்தி, பாதி கையாட்டலில் வேலையை முடித்துவிடுவோம். சண்டை மட்டும் அவரவர் பாஷையில்.

கூலி என்கிற சொல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நானும் என் தங்கச்சி புருஷன் சூசையும் தூத்துக்குடிப் பக்கத்துக் கரையோரத்து ஆள்கள். ரயிலடியைப் பார்த்ததில்லை. எங்களுக்குக் கூலி என்றால் வேலை செய்த பிறகு கையில் வருகிற காசு. வேலை செய்கிறவன் கூலிக்காரன். காசு வேறு, ஆள் வேறு. லாரியில் மெட்ராஸ் போய்க் கப்பலேறியபோதுகூட எங்கள் மூட்டையை நாங்களேதான் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

தங்கச்சி செலீன் ஊரிலேயே இருந்தாள். மழை பிடிப்பதற்குள் அவளைக் கப்பலேற்றிக் கூட்டிவர வேண்டும் என்று சூசைக்கு ஒரே தவிப்பு. டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்த நேரம் பார்த்து, வடக்கே திக்லிபூரில் குடியேறியவர்களுக்கு விதைநெல்லும், காசிம் பாய் கடையின் உப்பும் தகரமும் ஏற்றிக்கொண்டு ஒரு போட் புறப்பட இருந்தது. நாங்கள் ஏற்றி முடித்ததும் முன்ஷி வந்தார். கான்ட்ராக்டருக்குக் கணக்குப் பார்க்கிறவர், வடக்கத்தி ஆள். எங்களைப் பார்த்து, “தும் லோக் பீ சாத் சலோ. வஹான் கூலி நஹீ மிலேகா” என்றார்.

கூடப் போட்டில் வரச் சொல்கிறார் என்பது புரிந்தது. அடுத்ததும் புரிந்தது என்றுதான் நினைத்தோம்.

சூசை தலைத்துண்டை உருவிக் கீழே போட்டான். “கேட்டீரா மச்சான்? அங்க கூலி கிடைக்காதாம். மூஞ்சிக்கு நேரா சொல்லுதான்!”

எனக்கும் திக்கென்றது. கைதிகளை வைத்துச் சும்மா வேலை வாங்கிய தீவு இது என்று வந்த நாளிலிருந்து கேட்டிருந்தோம். திக்லிபூரில் இறக்கிவிட்டால் காட்டைத் தாண்டித் திரும்பி வர வழி ஏது? தமிழ் ஆள்கள் அத்தனை பேரும் ஜெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டோம். முன்ஷி கத்தினார். போட்டை ஓட்டும் சாரங்கு, கடல் தண்ணி வற்றுகிறது, உடனே போட்டை எடுக்க வேண்டும் என்று கத்தினார். நாங்கள் அசையவில்லை.

காசிம் பாய் ஓடி வந்தார். எங்கள் பக்கத்துத் தமிழர்தான்.

“ஏலேய், என்னடே ஆச்சு?”

சூசை சொன்னான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். “அட மடப்பயலே! இவங்க பேச்சுல கூலின்னா சொமை தூக்குற ஆளு. அங்க மூட்டை எறக்க ஆள் கிடைக்காது, அதனால உங்களக் கூப்பிடுதான். காசு ரெட்டிப்பா தருவான்டே!”

சூசை என் காதில், “சரக்கு யாருது? பாயோடது. ஏன் சொல்ல மாட்டாரு?” என்றான். நியாயமாகத்தான் பட்டது எனக்கு. பாயைப் பார்த்தேன். அவர் கண் எங்கள் மேல் இல்லை, தகரத்தின் மேல்தான் இருந்தது.

அந்தச் சமயம் பக்கத்து ஜெட்டியில் வேறொரு போட்டிலிருந்து ஜனம் இறங்கியது. பெட்டியோடு நின்ற ஒரு அம்மா எங்கள் பக்கம் கையை நீட்டி, “கூலி! ஏ கூலி!” என்று கூப்பாடு போட்டாள்.

“பாத்தீரா, அந்தம்மாவுக்கும் குடுக்கலபோல. எப்படிக் கேக்குறா பாரும்” என்றான் சூசை.

ஒரு ராஞ்சிக்காரன் ஓடிப்போய் அவள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தான். அம்மா வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

நான் எழுந்துவிட்டேன். “மாப்ள, ஆளத்தான்டா கூப்பிட்டா. பாய் சொன்னது நெசம். வா, ஏறு.”

சூசை என்னை மேலும் கீழும் பார்த்தான். “உம்மையும் பாய் வாங்கிட்டாரா?”

கையைப் பிடித்து இழுத்தேன். உதறினான். சாரங்கு கயிற்றை அவிழ்த்துவிட்டார். நானும் இன்னும் சிலரும் தாவி ஏறினோம். சூசை ஜெட்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

திக்லிபூரில் கரையெல்லாம் சேறு. குடியேறியவர்கள் வயலில் கிடந்தார்கள். மூட்டை தொட ஒரு ஆள் இல்லை. நாங்களே இறக்கினோம். பாய் சொன்னபடியே கான்ட்ராக்டர் காசை ரெட்டிப்பாகக் கொடுத்தார். திரும்பி வந்து, செலீன் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள் என்று என் காசை நீட்டினேன். அது பாய் கொடுத்த காசோ என்னவோ என்று சூசை வாங்க மறுத்துவிட்டான். மழை பிடித்துக்கொண்டது. கடல் அடங்கிய பிறகுதான் செலீன் வந்தாள். அதுவரை மெட்ராஸுக்குக் கப்பல் வந்த செய்தி கேட்டபோதெல்லாம், டிக்கெட் வருமென்று ஊரில் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். சூசை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பாய் கடையில் ஒருநாள் உப்பு வாங்கப் போனேன்.

“நான் சொன்னப்பவே ஏன்டே நம்பல?” என்று கேட்டார்.

“உங்க சரக்கு போட்டுல இருந்துச்சே பாய்.”

“இருந்துச்சு. அதுக்காக நான் சொன்னது பொய்யாயிருமா?”

உப்பை வாங்கிக்கொண்டு யோசித்தபடியே நடந்தேன். ஒருவன் தன் லாபத்துக்காகப் பேசலாம், அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வாயில் வரும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. சொல்கிறவனைச் சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் சொன்னதைத் தனியாக ஒரு முறை விசாரித்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் ஜெட்டியில் உட்காருங்கள்.