யாகூத் கழற்றிய செருப்பு

ஸ்விரா துறைமுகத்தில் பாதாம் பொறுக்குகிற பெண்களில் யாகூத்தைப் போல வாய் உள்ளவள் வேறு யாரும் கிடையாது, என்னைத் தவிர. இரண்டு பேரும் ஒரே கிட்டங்கியில் வேலை. குடியிருப்பும் ஒரே முற்றம். மெல்லாவில், அதாவது எங்கள் யூதத் தெருக்களில், ஒரு முற்றத்தைச் சுற்றி எட்டு அறை, எட்டுக் குடும்பம். ஒருத்தர் தும்மினால் ஏழு வீட்டில் வாழ்த்துவார்கள். ஒருத்தர் அழுதாலும் அதே கதைதான்.

அவளைக் கட்டினவன் மகலூப், சாக்குத் தைக்கிறவன். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடந்தது, பிள்ளை இல்லை. தள்ளி வைத்துவிட்டு வேறு ஒருத்தியைக் கட்டு என்று சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மகலூப் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வான்: "பிள்ளை இல்லாட்டி என்ன? நாலு பிள்ளைக்கு உண்டான சத்தத்தை இவ ஒருத்தியே போடுறாளே. இதுக்கு மேல என் காது தாங்காதுப்பா."

பிள்ளை இல்லை என்று நான் சொன்னதும் முழுசாகச் சரியில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது மகலூப்புக்கு ஒன்பது வயசில் ஒரு தம்பி இருந்தான். தாயில்லாத பயல். மீமூன் என்று பேர். பேன் பார்த்து, காலைக் கழுவி, ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் தோய்த்து வாயில் திணித்து வளர்த்தது யாகூத்தான். அவனுக்கு மூளை கத்தி மாதிரி. பாடசாலையில் எங்கள் மத குரு ரிபி அம்ராம் சொல்லி வாயை மூடுவதற்குள் இவன் அடுத்த வசனத்தில் நிற்பான்.

அந்த மூளைதான் வினையாகப் போனது. பழைய சுல்தான் செத்து இளையவர் பட்டத்துக்கு வந்த சமயம், ஒரு வெள்ளைக்காரப் பாதிரி ஊருக்கு வந்து கடல் பக்கம் வீடு எடுத்தார். எங்கள் அரபுப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார். மீமூன் போனான். பேச்சைச் சொல்லிக்கொடுக்கப் போனவன், வேறு பாடம் படித்துக்கொண்டு திரும்பினான்.

புதன்கிழமை புதன்கிழமை மிஷன் வீட்டில் ரொட்டியும் தேநீரும் கிடைக்கும். நானும் போயிருக்கிறேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ரொட்டி வாய் வழியாக உள்ளே போகும், பிரசங்கம் காது வழியாக வெளியே போகும். பாதிரி அவர் பாஷையில் பேசுவார், மீமூன் எங்கள் பேச்சில் திருப்பிச் சொல்வான். ஒருநாள் ஏசாயா சொன்னதாக, ஒரு கன்னி கர்ப்பமாகிப் பிள்ளை பெறுவாள் என்று ஆரம்பித்தார்கள்.

"மீமூன், அந்த இடத்துல எபிரேயத்துல என்ன வார்த்தை இருக்கு?" என்றாள் யாகூத், கையில் ரொட்டியோடு.

"அல்மா, அண்ணி."

"அல்மான்னா வயசுப் பொண்ணுன்னுதான் உங்க அண்ணன் சொல்றார். கிணத்தடியில தினம் இருபது அல்மா தண்ணி எடுக்கிறாளுங்க. அதுல எத்தனை பேர் கன்னின்னு நம்ம மருத்துவச்சியே சத்தியம் பண்ணமாட்டா."

பெண்கள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாதிரி என்ன என்று கேட்டார். மீமூன் சிவந்த முகத்தோடு ஏதோ சொல்லி மழுப்பினான்.

மகலூப்பிடம் மட்டும் மழுப்ப முடியவில்லை. ஞானஸ்நானம் வாங்கின அன்றைக்கு மீமூன் தானாகவே வந்து சொன்னான்: "நான் எங்கேயும் போகலண்ணா. யூதனாத்தான் இருக்கேன். மேசியாவைக் கண்டுபிடிச்ச யூதன், அவ்வளவுதான் வித்தியாசம்."

"மேசியா வந்தாச்சுன்னா இந்த மெல்லாக் கதவை ஏண்டா இன்னும் சாயங்காலமானா பூட்டுறான்?"

"இது மனசுக்குள்ள வர்ற விடுதலை."

"ஓகோ. அப்போ பூட்டும் மனசுக்குள்ளதான் தொங்குதா? போய்த் தள்ளிப் பாரு, திறக்குதான்னு."

சொல்லிவிட்டு மகலூப் தன் சட்டையைக் கழுத்தோரம் கிழித்தான். தம்பி செத்தான் என்று ஏழு நாள் தரையில் உட்கார்ந்தான். உயிரோடு இருக்கிறவனுக்குத் துக்கம் காக்க வேண்டியதில்லை என்று ரிபி அம்ராம் எடுத்துச் சொன்னார், கேட்கவில்லை. துக்க வீட்டு வழக்கப்படி நாங்கள் அவித்த முட்டையும் பயறும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கப்புறம் மெல்லாவில் மீமூன் பேரை யாரும் எடுத்ததில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்ப்போம். ஆறு வருஷம் அப்படி.

ஆறாவது வருஷம் மழையோடு வந்த காய்ச்சல் மகலூப்பைக் கொண்டுபோனது. நான்கே நாளில் போய்விட்டான்.

ஒரு வருஷம் கழிந்தது. தகரக்காரன் யஹ்யா யாகூத்தைப் பெண் கேட்டான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், இரண்டு பெண் குழந்தைகள். சின்னது யாகூத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கி வரைக்கும் வரும். முப்பது வயசில், அடுப்பு, புருஷன், மடியில் ஏற ஒரு குழந்தை. யாகூத் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களை வந்திருந்தது. ரிபி அம்ராமிடம் நாள் கேட்கப் போனோம்.

அவர் தாடியைத் தடவினார். "நாள் குறிக்கலாம். முதல்ல மீமூன் வரணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை இல்லாமல் ஒருத்தன் செத்தால் அவன் பெண்டாட்டி அவன் தம்பிக்குக் கட்டுப்பட்டவள். தம்பி கட்டிக்கொள்ளாவிட்டால், ஐந்து நியாயக்காரர்கள் முன்னால் அவள் அவன் செருப்பைக் கழற்றி, அவன் எதிரே தரையில் துப்ப வேண்டும். அப்புறம்தான் விடுதலை. அதுவரைக்கும், அவள் முளையில் கட்டின ஆடு.

"ரிபி, அவன் செத்துட்டான்னு ஏழு நாள் உக்காந்தோமே! முட்டை அவிச்சது நான்," என்றேன்.

"முட்டை அவிச்சா சட்டம் மாறாது ரஹ்மா. பாவம் பண்ணினாலும் இஸ்ரவேலன் இஸ்ரவேலன்தான். யூதன்கிறது போட்டுக் கழட்டுற சட்டை இல்ல."

"இதைத்தானே அவன் ஆறேழு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான்?" என்றாள் யாகூத்.

 ரிபி எங்களையே அவனிடம் தூது அனுப்பினார்.

மீமூன் நாங்கள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். அப்புறம் உள்ளே போய்ப் பாதிரியோடு பேசிவிட்டு வந்தான். வருகிறேன், ஒரு காகிதம் வேண்டும் என்றான். இயேசுவை மேசியா என்று நம்புகிற மீமூன் யூதனேதான் என்று ஐந்து நியாயக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நான் கேக்கறது நியாயம்தானே அண்ணி? யூதன் இல்லன்னா செருப்பு எதுக்கு? யூதன்னா காகிதம் கொடுக்க என்ன தடை?"

ரிபி அம்ராம் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் யூதன். மேசியா விஷயத்துல தப்புப் பண்ணின யூதன். முதல் பாதியை மட்டும் எழுதினா அந்தப் பாதிரி அச்சடிச்சு மராக்கேஷ் வரைக்கும் விநியோகம் பண்ணுவார். ரெண்டாவது பாதியையும் சேர்த்து எழுதினா மீமூன் வரமாட்டான்."

ஆக, இரண்டு பக்கமும் நியாயம். நடுவில் நசுங்கினது இவள். இந்த ஆம்பிளைகள் மேசியா வந்தாரா வரவில்லையா என்று ஆயிரம் வருஷம் மல்லுக்கட்டட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு பொம்பிளையின் அடுப்பை எதற்கு அதன்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும்?  மாதங்கள் ஓடின. யஹ்யா நல்லவன்தான், ஆனால் அவனும் மனுஷன். பஸ்காப் பண்டிகை வரைக்கும் பார்க்கிறேன், அதற்கு மேல் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட ஆள் வேண்டும், ஸஃபி ஊரில் என் அக்கா ஒரு பெண் பார்த்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டான். பஸ்காவுக்கு ஐந்து வாரம் இருந்தது.

யாகூத் அழவில்லை. ரிபியிடம் போய், "அவன் வர்றானோ இல்லையோ, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுங்க. நாளைக்கே வந்தா நான் தயாரா இருக்கணும்," என்றாள்.

எபிரேய வார்த்தைகளைப் பெண் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். ரிபி ஒவ்வொன்றாகச் சொல்லி அர்த்தமும் சொன்னார். "இந்த இடத்துல கவனம். 'லோ அவா'. அவன் விரும்பலன்னு அர்த்தம். ஒரே மூச்சுல சொல்லணும். நடுவுல மூச்சு விட்டியோ, 'அவா' தனியா நின்னு, விரும்பினான்னு ஆயிடும்." அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசி வரிக்கு வந்தார்கள்: இஸ்ரவேலில் அவன் பேர், செருப்புக் கழற்றப்பட்டவனின் வீடு என்று அழைக்கப்படும்.

யாகூத் கையை உயர்த்தினாள். "இருங்க ரிபி. இஸ்ரவேலில்னா இருக்கு?"

"ஆமா."

"மோசே எழுதினதுலயே?"

"வேற யார் எழுதினதுல?"

அவள் எழுந்து முக்காட்டைப் போட்டாள். அன்றைக்குப் புதன்கிழமை. நேரே மிஷன் வீடு. பாதி மெல்லா அங்கே ரொட்டிக்காக உட்கார்ந்திருந்தது. பாதிரி பேசிக்கொண்டிருக்க, இவள் நடுவில் போய் நின்றாள்.

"மீமூன், அஞ்சு பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எலி தின்னும். உனக்கு எலி தின்னாத இடத்துல ஒரு பேர் இருக்கு. 'இஸ்ரவேலில் அவன் பேர் அழைக்கப்படும்'. நல்ல பேர் இல்ல. அசிங்கமான பேர்தான். ஆனா இஸ்ரவேலில்னு இருக்கு. வேற எந்தப் பேரைச் சொல்லியும் உன்னை இந்த ஊர்ல யாரும் கூப்பிடப்போறதில்ல, நான் உள்பட. வேணும்னா வா. வேணாம்னா அந்தப் பாதிரிகிட்டயே ஒரு பேர் வாங்கிக்கோ."

 மீமூன் கையிலிருந்த புத்தகத்தை மூடினான், திறந்தான், மறுபடியும் மூடினான்.

"சத்தமாச் சொல்லுவாங்களா, அண்ணி?"

"மூணு தடவை. எல்லாரும்."

வந்தான்.

ரிபி அம்ராம் நடுவில், நியாயக்காரர்கள் ஐந்து பேர். துணைக்கு என்னை வாசலில் நிற்கவிட்டார்கள். பாதிரியும் வந்து தெருவில் நின்றார், மரியாதையாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நல்ல மனுஷன்தான்.

ரிபி கேட்டார்: "நீ தாவூத் மகன் மீமூனா? செத்துப்போன மகலூப்புக்குக் கூடப் பிறந்தவனா?"

ஆறு, ஏழு வருஷமாக மெல்லாவுக்குள் யாரும் அவன் முகத்துக்கு நேரே அந்தப் பேரைச் சொன்னதில்லை. "ஆமா," என்றான்.  வலது காலைக் கழுவச் சொல்லி, இதற்கென்றே ஊர்ப் பொதுவில் வைத்திருக்கிற தோல் செருப்பை மாட்டி, வாரைச் சுற்றிக் கட்டினார்கள். யாகூத் தன் வார்த்தைகளைச் சொன்னாள், 'லோ அவா' ஒரே மூச்சில். இவளைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை என்று அவன் தன் பங்கைச் சொன்னான். அவள் குனிந்து, வலது கையால் முடிச்சை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி எறிந்தாள். சுவரில் பட்டு விழுந்தது.

இனித் துப்ப வேண்டும். வரவில்லை.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, பயம் வேறு. வாய் காய்ந்த சாக்கு மாதிரி. உதட்டைக் கூட்டினாள், காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை. நியாயக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எச்சில் அவர்கள் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நாள் எல்லோரும் மறுபடியும் கூடியாக வேண்டும். இன்னொரு நாள் இவன் வருவானா? பாதிரி விடுவாரா? யஹ்யா ஸஃபிக்குப் போய்விட்டால்?  நானே போய்த் துப்பிவிடலாம் போல இருந்தது.

மீமூன் தலையைக் குனிந்தபடியே, மெதுவாக, வீட்டுக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னான்: "அண்ணி, உப்புல ஊறின எலுமிச்சங்காயை நினைச்சுக்கோங்க. சாறோட, அப்படியே கடிக்கிற மாதிரி."

அவள் கண்ணை மூடினாள். தொண்டை ஏறி இறங்கியது. துப்பினாள்.

"தெரிஞ்சது," என்றார் ரிபி. கடைசி வசனத்தை அவள் சொல்லி முடித்தாள். அறையில் இருந்தவர்களும் வாசலில் இருந்தவர்களும், நானும், சேர்ந்து கத்தினோம்: செருப்புக் கழற்றப்பட்டவன்! செருப்புக் கழற்றப்பட்டவன்! செருப்புக் கழற்றப்பட்டவன்! அவன் ஒற்றைக் கால் வெறுங்காலோடு நிமிர்ந்து நின்று, மூன்றையும் கேட்டான்.

வெளியே பாதிரி, அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எங்கள் பேச்சிலேயே தட்டுத் தடுமாறிக் கேட்டார்.

"அது எங்க வீட்டு விஷயம், ஐயா," என்றான் மீமூன்.

யாகூத்தின் கையில் விடுதலைச் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் அவன் பேர் இருக்கிறது, தாவூத் மகன் மீமூன் என்று. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்காவுக்கு இரண்டு வாரம் இருந்தது. யஹ்யா தெருமுனையில் சின்னதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அவனிடம் போவதற்கு முன்னால் யாகூத் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, தரையிலதானே துப்பினேன்?"

"தரையிலதான்."

"அவன் கால்ல படலயே?"

"படலடி."

நாலு எட்டு நடந்தாள், திரும்பி வந்தாள். "நல்லாப் பாத்தியா? வெறுங்கால் அக்கா. கழுவின கால்."

படவில்லை என்று அடித்துச் சொன்னேன். பட்டதை நான் பார்த்தேன். அவன் காலை நகர்த்தாமல் நின்றதையும் பார்த்தேன்.