குணம் கேட்டு வாங்கிய பந்து

செய்தியைச் சொன்னவன் கடைக்காரச் சிவம். காலையில் தொலைபேசியை எடுத்ததும், "பொன்னண்ணை, குணம் மோசம் போயிட்டானாம்" என்றான். வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு, சப்பாத்துக் கட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்து உயிரை விட்டுவிட்டான் என்று அவன் மனைவி ரஞ்சி பிறகு சொன்னாள். அம்புலன்ஸ் வந்தபோது ஒரு சப்பாத்து காலில் இருந்ததாம், மற்றது கையில் இருந்ததாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவனைத் தம்பி என்று கூப்பிட்ட நான் இருக்கிறேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கண்டதும் கேட்டதும் மறக்காது, அவ்வளவுதான். கழக மலருக்காக நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஞானம் மாஸ்டர். குணத்தை அணியிலிருந்து எடுத்தவரும் அவர்தான். அதையும் சொல்லத்தான் போகிறேன் என்று தொடங்கும்போதே அவரிடம் சொன்னேன். "சொல்லுங்கோ அண்ணை, எழுதுறன்" என்றார்.

உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்பதுகளின் நடுவில், லண்டனில் மிச்சம் என்ற ஊரின் புல்வெளியில் நம் பொடியள் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தடிக்கத் தொடங்கிய காலம். குணம் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, அந்தச் சீருடையோடு நேரே மைதானத்துக்கு வருவான். ஊரில் அவன் பஸ் கொண்டக்டர். அந்தக் குரலை அப்படியே லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தான். சென்ரர் ஹாஃப் இடத்தில், ஆட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, "றைற், றைற்!" என்றால் முன்னுக்கு ஓட வேண்டும். "ஹோல்டோன்!" என்றால் பந்தை வைத்திருக்க வேண்டும். பேரைச் சொல்லி "விடு!" என்றால், திரும்பிப் பாராமல் பந்தைக் குரல் வந்த பக்கம் தட்டிவிட வேண்டும். நம் ஆட்கள் அப்படித்தான் விளையாடப் பழகினார்கள். கண்ணால் அல்ல, காதால்.

அவன் ஓடி நான் கண்டது குறைவு. பஸ் கராச்சில் வேலை செய்த மணியம், குணத்தின் பெரிய ரசிகன். அவனே ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினான்: "டேய் குணம், கொஞ்சம் ஓடடா! பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிறாய்!"

குணம் திரும்பாமலே சொன்னான்: "நான் ஏன் ஓடவேணும்? பந்தை ஓட விட்டிருக்கிறன். அதுக்கு மூச்சு வாங்காது."

எதிரணிக்காரர் என்னவென்று விளங்காமல் பார்க்க, நம் பொடியள் சிரித்துக்கொண்டே விளையாடினார்கள். அன்று வென்றோம் என்றுதான் நினைவு.

தொண்ணூறுகள் பிறந்தபோது நிலைமை மாறிவிட்டது. இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் எல்லா அணிகளிலும் வந்துவிட்டார்கள். அவர்களின் கால் வேகத்துக்கு முன்னால் குணத்தின் குரல் பிந்தத் தொடங்கியது. அவன் "ஹோல்டோன்" சொல்வதற்குள் பந்து நம் கோலுக்குள் கிடக்கும். தொடர்ந்து தோற்றோம்.

அணிச் சட்டைகளைத் தோய்த்துக் கொடுப்பவள் ரஞ்சி. பையைச் சுமந்து வருபவன் குணம். ஆட்டத்துக்கு முன் மாஸ்டர் அந்தப் பைக்குள் கைவிட்டு ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் பேரைச் சொல்லிக் கொடுப்பார். பேர் விழுந்தவன் விளையாடுவான். எங்கள் வழக்கம் அது. அந்த ஞாயிறு குணத்தின் ஐந்தாம் இலக்கச் சட்டையை எடுத்தவர், சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "ரூபன்" என்றார்.

ரூபன் அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தவன். கை நீட்டவில்லை. குணத்தைப் பார்த்தபடி நின்றான். எல்லாரும் நின்றோம்.

குணம்தான் சட்டையை மாஸ்டரின் கையிலிருந்து வாங்கி அவனிடம் எறிந்தான். "பிடியடா. ராத்திரி முழுக்கக் காயேல்லை. காலமை றேடியேற்றரிலை போட்டெல்லோ கொண்டு வந்தது. சூடு ஆறமுன்னம் போடு."

பிறகு வந்து என் பக்கத்தில் நின்றான். நான் அப்போது கழகத்துக்காகக் கோட்டில் கொடி பிடிப்பவன். ரூபனிடம் பந்து போகும்போதெல்லாம் வாய் மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில் மாஸ்டர் எழுதுவதை நிறுத்தினார். "நான் அவனுக்கு முதலே சொல்லியிருக்கவேணும் அண்ணை. முகத்துக்கு நேரே சொல்லப் பயந்துதான் பைக்குள்ளாலை சொன்னனான்" என்றார். அதையும் எழுதும் என்றேன். எழுதியிருக்கிறார்.

பிறகு சிவத்தின் கடையில் நடந்த வழக்கை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மாவும் மிளகாய்த்தூளும் வாங்க வந்த சனம் வரிசையில் நிற்க, அங்கே பந்துதான் உருண்டது.

"நடுவிலை ஒரு சிலையை நட்டு வைச்சுக்கொண்டு மட்ச் வெல்லேலுமோ?" என்பான் சிவம். அவன் மாஸ்டர் கட்சி.

"அந்தச் சிலையைச் சுத்தித்தானே இவ்வளவு காலமும் எல்லாரும் ஓடினவங்கள்" என்பான் மணியம். "மாஸ்டருக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்? ஊரிலை கணக்குப் படிப்பிச்ச மனுசன்."

"கணக்குத் தெரிஞ்சபடியால்தான் குணத்தின்ரை வயசைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்."

"தம்பிமார், பந்தைப் பிறகு உதையுங்கோ" என்றாள் வரிசையில் நின்ற ஒரு மனுசி. "முதல் உந்தக் கத்தரிக்காயை நிறுங்கோ."

சிரிப்போடு போய்க்கொண்டிருந்த வழக்கு, குணம் நம்மோடு மோதும் ரெய்னர்ஸ் லேன் தமிழ் அணிக்குப் போய்விட்டான் என்ற செய்தி வந்த அன்று வேறாகிவிட்டது. மணியத்துக்கே முகம் கறுத்தது. சிவம் தராசில் எதையோ போட்டுக்கொண்டு, தலை நிமிராமல், "துரோகி" என்றான்.

கடை அடங்கிவிட்டது. அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி, ஊரில் ஆட்களை விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்ட காலம் அது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அந்த வரிசையிலேயே நின்றார்கள். சிவம் எண்பத்துமூன்று கலவரத்துக்கு வெகு முன்னரே படிக்க வந்தவன். அவன் வாயில் அது வெறும் சொல். கேட்டவர்களுக்கு அப்படியல்ல.

சொல் எப்படியோ குணத்தின் காதுக்குப் போய்விட்டது. சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தான்.

"ஏன்ரா போனாய்?" என்றேன். "மாஸ்டரிலை கோவமோ?"

"இல்லை அண்ணை. நான் கோச்சாய் இருந்தாலும் என்னை அணிக்கு எடுத்திருக்க மாட்டன். ஆனால் நான் கோச் இல்லையே, விளையாடுறவன். ஞாயிறு வந்தால் கால் தன்பாட்டிலை சப்பாத்தைத் தேடுது. அவங்களிட்டை ஆள் காணாது, கூப்பிட்டாங்கள். போனன்." கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் பிறகு கேட்டான்: "நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லுறியளோ?"

"எனக்கென்ன விசரோ" என்றேன். அப்போதுதான் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

அந்தக் கோடையில், ரெய்னர்ஸ் லேன் பக்கத்து மைதானத்தில் நடந்த சுற்றுப்போட்டியின் கடைசி ஆட்டம் நமக்கும் அவர்களுக்கும் என்று அமைந்தது. குணம் அவர்களின் பச்சைச் சட்டையில் வந்தான். நம் பக்கத்திலிருந்து கூவினார்கள். சிவத்தின் சொல்லை இப்போது சின்னப் பொடியளும் சொன்னார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாய். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து நம் கோலுக்கு முன்னால் ரூபனின் காலுக்கு வந்தது. அவன் முகம் கோலைப் பார்த்திருந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது: "ரூபன், விடு!"

ரூபன் விட்டான். திரும்பிப் பாராமல், பழகியபடி, குதிக்காலால் தட்டினான். பந்து குணத்தின் காலில் போய் நின்றது. குணம் அடித்தான். கோல்.

பச்சைச் சட்டைக்காரர் குதித்தார்கள். ரூபன் முழங்காலில் இருந்துவிட்டான். பிறகு எழும்பி, வெள்ளைக்கார நடுவரிடம் ஓடி, அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று ஆங்கிலத்தில் அழாக்குறையாக முறையிட்டான். எதிரணிக்காரனை அப்படிக் கூப்பிட்டு ஏமாற்றினால் கோல் செல்லாது. அது சட்டம். ஆனால் நடுவருக்கு அந்தச் சத்தத்துக்குள் தமிழ் எது, கூச்சல் எது?

"கூப்பிட்டவன்!" என்றார்கள் நம்மவர்கள். "ஒண்டும் சொல்லேல்லை!" என்றார்கள் மற்றவர்கள். அவ்வளவு சனமும் ஒரே தமிழில்தான் சண்டை பிடித்தது. நடுவர் எல்லாரையும் விலக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தார். கொடி என் கையில் இருந்தது. குணத்துக்கு மிகக் கிட்ட நின்றவன் நான். நீ கேட்டாயா என்று கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். இரண்டு பக்கச் சனமும் என்னையே பார்த்தது.

நான் வாய் திறக்க முதல், குணம் நடந்து வந்து எனக்கும் நடுவருக்கும் இடையில் நின்றான். "நான்தான் கூப்பிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "இவரைக் கேட்க வேண்டாம்."

கோல் இல்லையென்று ஆனது. அவனுக்கு மஞ்சள் அட்டை. அவர்களின் பயிற்சியாளர் அந்த இடத்திலேயே அவனை வெளியே எடுத்தார். கடைசியில் பெனால்ரி அடித்து நாங்கள் வென்றோம். குணம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போகும்போது, பச்சைச் சட்டைப் பக்கத்திலிருந்து ஒருவன் சொன்னான்: "துரோகி." அதே சொல். இந்த முறை மற்றப் பக்கத்திலிருந்து.

நாங்கள் வந்த வான் வண்டிக்குள் பாட்டும் கூத்தும். எனக்கு அதில் ஏற மனம் வரவில்லை. ஸ்டேசனுக்குப் போனேன். குணம் மேடை வாங்கில் தனியே குந்தியிருந்தான். பக்கத்தில் இருந்தேன்.

"வேணுமெண்டோ கூப்பிட்டனி?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. ரூபனிட்டைப் பந்து போனால் நான் கூப்பிடுவன். அவ்வளவுதான் தெரியும். கோல் போட்ட பிறகுதான் என்ரை பச்சைச் சட்டையைப் பார்த்தன்."

"சரி, பேசாமல் நிண்டிருக்கலாமே. நான் என்னவும் சொல்லியிருப்பன்."

தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னான்: "ஊரிலை ஒருநாள் எங்கடை பஸ்ஸை மறிச்சவங்கள் அண்ணை. ஆரெண்டு கேளாதேங்கோ. ஒரு பேரைச் சொல்லி, இதிலை அவன் ஆர், காட்டு எண்டு என்னட்டைக் கேட்டாங்கள். தெரியாது எண்டன். அடிச்சாங்கள். பிறகு முன் சீற்றிலை இருந்த ஒரு வயசாளியைக் கேட்டாங்கள். அந்த மனுசன் பயத்திலை கையை நீட்டிப்போட்டார். அதுக்குப் பிறகும் அவர் கனகாலம் எங்கடை பஸ்ஸிலைதான் வாறவர். ஒருத்தரோடையும் கதைக்க மாட்டார். காசைத் தருவார், வெளியிலை பார்த்துக்கொண்டிருப்பார்." ரயில் வரும் சத்தம் கேட்டது. "இண்டைக்கு நீங்கள் கொடியோடை முழிச்சுக்கொண்டு நிண்டியள். எனக்கு அந்த மனுசன்ரை முகம்தான் வந்தது."

ஒரே ரயிலில் மிச்சத்துக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு அவன் எந்த அணிக்கும் விளையாடவில்லை. மாஸ்டர் வீட்டுக்கே போய்த் துணைப் பயிற்சியாளராக வரும்படி கேட்டார். "இனி நான் வாய் திறந்தால் எந்தப் பொடியன் எங்கை விடுவானோ" என்று சிரித்து அனுப்பிவிட்டான். ஆட்டம் பார்க்க மட்டும் வருவான். இரண்டு பக்கச் சனத்தோடும் சேராமல், மூலைக் கொடியடியில் தனியே நிற்பான்.

தகனத்தன்று இரண்டு கழகக்காரரும் வந்தார்கள். யாரும் சொல்லாமலே பாதையின் இரு பக்கமும் பிரிந்து நின்றோம், ஆட்டம் பார்க்க நிற்கிற மாதிரி. நடுவால் அவனைக் கொண்டுபோனார்கள். முன்னால் தோள் கொடுத்தவன் ரூபன். மாஸ்டர் பின்னால். சிவம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்ன அந்தச் சொல்லை அவன் கேட்டவனோ அண்ணை?" என்றான்.

"கேட்டவன்" என்றேன். "அதுக்குப் பிறகும் உன்ரை கடையிலைதான் அரிசி வாங்கினவன்."

சிவம் அழுதான். நான் தடுக்கவில்லை.

குணம் வேண்டுமென்று கூப்பிட்டானா, வாய் தவறியதா என்று நீங்கள் இன்னும் வழக்குப் பேசுகிறீர்கள். பேசுங்கள், அவன் கோபிக்க மாட்டான். என்னிடம் அவனுடையது என்று இருப்பது வேறு. அந்த வெள்ளைக்காரர் என் வாயைப் பார்த்து நின்றபோது நான் என்ன சொல்லியிருப்பேன்? கேட்டேன் என்று அவனைக் காட்டியிருப்பேனா? கேட்கவில்லை என்று நம் பிள்ளையின் கண்ணீரைப் பொய்யாக்கியிருப்பேனா? இவ்வளவு ஞாபகசக்தி உள்ள எனக்கு அதற்கு மட்டும் விடை தெரியாது. அந்த விடையைத் தேட வேண்டிய தேவையில்லாமல் என்னை வாழ விட்டவன் குணம்.