மார்பளவுச் சுவர்

பாரபெட் என்ற சொல் இத்தாலியிலிருந்து வந்தது. காப்பது என்று ஒரு பாதி, மார்பு என்று மறுபாதி. கோட்டை மேல் நிற்கும் வீரனின் மார்பைக் காக்கும் சுவர். நம் பழைய மதில்களில் வில்லாளிகள் மறைந்து நின்ற இடத்துக்கு ஞாயில் என்று பெயர். கோட்டைகள் போனபின் பொறியாளர்கள் அந்த இத்தாலியச் சொல்லைப் பாலங்களுக்கும் மொட்டைமாடிகளுக்கும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் கைப்பிடிச்சுவர் என்கிறோம்.

ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த அன்று மொட்டைமாடியில் எடுத்த படத்தில் சுவர் என் மார்புக்கு வருகிறது. படத்தின் பின்னால் தேதி போட்டிருக்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மாடித் தரையில் பதித்திருந்த தட்டோட்டின் மேல் ஜல்லி கொட்டிப் பூசினார்கள். 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு அதன் மேல் இன்னொரு பூச்சு. தண்ணீர் ஓட வாட்டம் வேண்டுமென்று மேற்கு ஓரத்தை மட்டும் கூடுதலாக மேடாக்கினார்கள். தரை ஏறிக்கொண்டே வந்தது. சுவரை யாரும் ஏற்றவில்லை.

இந்த மழையில் மேல்மாடியில் இருக்கும் என் வீட்டுக் கூரை மறுபடி ஒழுகியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெயிலையும் நீரையும் தடுக்கும் கூல் டைல்ஸ் ஒட்ட ஏற்பாடு செய்தார். தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், ஆறடிக்கு மேல் உயரம். தினமும் கடைக்குக் கிளம்பும் முன் மாடியில் போன் பேசியபடி நடப்பார். மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் பேச்சை முடிப்பார்.

"பழசை ஒடச்சு எடுத்துட்டு ஒட்டலாமே?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஒடச்சா பில்டிங்கே அதிரும் சார். மேலயே ஒட்டிக்கினு போய்டலாம்."

செயலாளரிடம் படத்தைக் காட்டினேன். இப்போதே சுவர் என் இடுப்புக்குத்தான் வருகிறது, டைல்ஸும் ஏறினால் அவருக்குத் தொடைக்கு இறங்கிவிடும் என்றேன். மார்புக் கதையையும் சொன்னேன்.

"என்ன சார், யாரு நம்ம மேல அம்பு விடப் போறா?" என்று சிரித்தார். "உங்க வீட்டு ஒழுகலுக்குத்தான் இந்த வேலையே. நீங்களே தடுத்தா எப்படி?"

டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் கட்டிக் காயவைத்து, மாடியைத் திறந்துவிட்ட காலை நானும் மேலே போயிருந்தேன். சரக்கு ஏன் வரவில்லை என்று யாரையோ போனில் திட்டிக்கொண்டே நடந்த செயலாளர், வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் பின்னால் சாய்ந்தார். முதுகைத் தாங்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை. இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பின. நான் எட்டுவதற்குள் துணி உலர்த்தும் கொடிக்கம்பியின் இரும்புக்கால் அவர் கைக்கு அகப்பட்டது. ஒரு செருப்பு மட்டும் தெருவில் விழுந்தது.

கீழேயிருந்து ஆட்டோக்காரர் கத்தினார்: "யார்து நைனா செருப்பு? மண்ட பொளந்துக்கும் பாரு!"

செயலாளர் தரையில் உட்கார்ந்திருந்தார். போன் இன்னும் காதில் இருந்தது. "ஒண்ணுமில்ல, அப்புறம் கூப்பிடுறேன்" என்றார். பிறகு என்னிடம், "வீட்ல சொல்லிராதீங்க சார்."

சுவரை உயர்த்துவதை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். கூட்டம் இன்னும் கூடவில்லை. மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாயிற்று, சாவி அவரிடம்.

என் கூரை இப்போது ஒழுகுவதில்லை. காலையில் அதன் மேல் அவர் நடப்பது கேட்கிறது. மேற்கு ஓரத்தில் காலடி நின்றுவிடும். அது மறுபடி தொடங்கும்வரை என்னால் காபியை வாயில் வைக்க முடிவதில்லை.